அரை இஞ்ச் விடலாம்

பதினைந்து வேலம்பாளையத்தில் எங்கள் பிரிண்டிங் பட்டறை.
மத்தியானம் வந்த ஆர்டர்: குழந்தைகள் டீ-ஷர்ட்,
பன்னிரண்டாயிரம் உருப்படி, நெஞ்சில் இரண்டு வரி.
முதல் வரி லவ் என்று முடிகிறது.
இரண்டாவது வரி காலி.
'அதே ஓசையில் நீங்களே ஒன்று போட்டுக்
காலைக்குள் அனுப்புங்கள்.'

ப்ளஸ் டூவில் இங்கிலீஷை
இரண்டாம் தடவை எழுதித் தேறியவள் நான்.
"நீதானம்மணி டிசைன்ல இருக்கறே" என்று
முதலாளி வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ஊரே பேசுகிற சொல்லாயிற்றே,
சொந்தபந்தம் ஏராளம் இருக்குமென்று தேடினால்
ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.
டவ். புறா. தகரக் கூரையிடுக்கில் குடியிருந்து
போன மாதம் நாற்பது வெள்ளை உருப்படியைக் கெடுத்தது.
ஷவ். தள்ளு.
அபவ். மேலே.
க்ளவ்:
கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்தண்ணன்
இடக்கையில் மாட்டும் இரும்புவலை.
அதை வாங்குவதற்கு முந்திய வாரம்
அவருக்கு விரலில் இரண்டு கணு போயிற்று.
இதைக் குழந்தையின் நெஞ்சில் எப்படி அச்சடிக்க?

மூவும் ப்ரூவும் எழுத்தில் லவ்வின் ஜாடை,
வாயைத் திறந்தால் வேறு வீட்டுப் பிள்ளைகள்.
அப்ரூவும் அப்படித்தான்.
தினம் ஏழெட்டுத் தடவை மெயிலைத் திறந்து
நான் தேடுகிற சொல்.
கண்ணுக்குப் பொருந்திற்று, காதுக்குக் கைவிரித்தது.

நம் வாயில் போட்டுப் பார்த்தேன்.
வாலில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு லவ்வு ஆனது.
உடனே ஓடி வந்து நின்றன
கவ்வு, தவ்வு, சவ்வு,
பின்னாலேயே தலைகீழாக ஒரு வவ்வால்.
இவற்றை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

நமக்கு எதுகை காலர் பக்கம், வரியின் தொடக்கத்தில்.
அவர்களுக்குக் கீழ் மடிப்பில்.
அதுவரை நான் கழுத்தையே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செக்கிங் குணவதியிடம் புலம்பினேன்.
இஞ்ச் டேப்பைத் தோளில் போட்டபடி கேட்டாள்:
"ஏனுங்க்கா, எல்லாம் ஒரே மாதிரி முடிஞ்சா
அதுக பங்காளிக ஆயிருமில்லீங்?
ஒரே கூட்டத்துக்குள்ள எப்படிங் பொண்ணு எடுக்கறது?
கொஞ்சம் வெலகுனதாப் பாருங்.
நெஞ்சளவுக்கு அரை இஞ்ச் விடறாங்கல்ல,
காதுக்கு உடமாட்டாங்களா?"

டாலரன்ஸ்.
அளவுத் தாளின் கடைசிக் கட்டம்.
கூட அரை, குறைய அரை.

நம்மிலும் உண்டு, பள்ளியில் படித்தது.
இடையில் ஒரு மெய் நுழைந்தாலும் எதுகை கெடாது.
தேவை என்று ஒரு வரி தொடங்கினால்
வேர்வை என்று அடுத்ததைத் தொடங்கலாம்.
அந்த ர் பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்,
மொபெட்டில் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் இடையில்
தூங்கி வழியும் பிள்ளை மாதிரி.

ராத்திரி பதினொன்றுக்கு, கரண்ட் போய் வந்த பிறகு,
இனஃப் என்று முடித்தேன்.
இனஃப். போதும்.
வ்-வுக்கும் ஃப்-புக்கும்
மேல்பல் கீழுதட்டைத் தொடும் இடம் ஒன்றேதான்.
சொல்லிப் பாருங்கள்.
இரண்டாவதில் தொண்டை மட்டும் பேசாது.

காலையில் பதில் வந்தது. அப்ரூவ்ட்.
ஓசை பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சிவப்பை மட்டும் ஒரு துளி குறைக்கச் சொன்னார்கள்.

ஓட்டத்தில் ஸ்க்ரீன் அடைத்துக்கொண்டு
முன்னூறு உருப்படியில் முதல் வரி விழவில்லை.
ரிஜெக்ட். கிலோக்கணக்கில் காதர்பேட்டைக்குப் போயிற்று.
காதலுக்கும் காதருக்கும் கடைசி மெய்தான் வித்தியாசம்,
அதுவும் அரை மாத்திரை.

சித்திரையில் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
நான்கு வயதிருக்கும்.
என் வரி அவன் நெஞ்சில்,
லவ் இல்லாமல், தனியாக: போதும்.
தொப்பை வரைக்கும் ஒழுகிய சேமியா ஐஸ்.
குச்சியை ஆட்டி ஆட்டி
இன்னொன்று கேட்டு அழுதுகொண்டிருந்தான்.